சீர்

வடக்கே, இன்னும் வடக்கே,
மெய்ன் மாநிலம் முடிகிற இடத்தில் ஓர் ஆறு.
அக்கரை கனடா. இக்கரை உருளைக்கிழங்கு வயல்.
கிழங்கு தோண்ட ஆள் வேண்டுமென்று
இலையுதிர் காலத்தில் பள்ளிக்கே விடுமுறை விடும் ஊர்.

அவள் பெயர் ஒடெட் சீர்.
சீர் என்றால் அங்கே குடும்பப் பெயர், அவ்வளவுதான்.
பெண்ணை அனுப்பும்போது கூடவே அனுப்புவது
என்ற பொருளெல்லாம் அந்த ஊருக்குத் தெரியாது.

காசு போட்டுத் துவைக்கும் கடையில் வேலை.
உலர்த்தும் எந்திரம் ஒருமுறை சுற்றி முடிக்கும்
நாற்பது நிமிடம்தான் அவளுடைய மேசை.
அங்கே உட்கார்ந்து தேடினாள்.

இடக்கைக்காரர்களுக்கு ஒரு ஸ்காலர்ஷிப் இருந்தது.
அவள் வலக்கை.
ஆறடி தாண்டிய பெண்களுக்கு ஒன்று.
சுவரில் சாய்ந்து பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தாள்,
நாலு விரற்கடை போதவில்லை.
தேனீ வளர்ப்பவரின் பிள்ளைகளுக்கு,
தபால்காரரின் பேரப் பிள்ளைகளுக்கு,
பந்துருட்டும் ஆட்டத்தில் இருநூறு எடுத்தவர்களுக்கு.
ஒரு சனிக்கிழமை நிஜமாகவே பந்துருட்டப் போனாள்.
எண்பத்தேழு.
வாடகைச் செருப்புக்கு நாலு டாலர் நஷ்டம்.

மிச்ச ஃபார்ம்கள் எல்லாம் ஒன்றையே கேட்டன:
நீ கடந்துவந்த இன்னலை
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் விவரி.

அப்பாவின் இடுப்பை எழுதினாள்.
மரம் அறுக்கும் ஆலையை, அது மூடிய நாளை,
படுக்கையிலிருந்து அவர் எழும் முறையை.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது.
பன்னிரண்டைச் சீவ வேண்டும்.
'வலி' மூன்று இடத்தில் இருந்தது.
இரண்டை எடுத்தாள்.
மூன்றாவதையும் எடுத்தபோது
முன்னைவிட வலித்தது, படிக்க.

அர்மான் சீர் பாத்திரம் கழுவும் தொட்டியோரம்
நின்றபடியே படித்தார். உட்கார்ந்தால் எழுவது கடினம்.
கடைசிவரை படித்துவிட்டு,
"ஆலை மூடியது மார்ச்சில். ஏப்ரல் இல்லை" என்றார்.
பிறகு, போன வருட வரிக் காகிதங்களை
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையோடு
மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.
அந்தத் தொகையை அவள் அதுவரை பார்த்ததில்லை.
பார்த்ததாக இருவரும் காட்டிக்கொள்ளவுமில்லை.

மே மாதம் ஒன்று கிடைத்தது.
ஊரின் சவ அடக்க நிலையத்தார் தருவது.
ஆயிரத்து இருநூறு டாலர்.
பள்ளிக் கூடைப்பந்துத் திடலில்,
ஆள் உயர அட்டைக் காசோலையோடு படம் பிடித்தார்கள்.
கைகுலுக்கிய உரிமையாளர் பாசிலுக்கு
பஞ்சு போன்ற கை.
"உங்கள் பாட்டனாரை நான்தான் அடக்கம் செய்தேன்"
என்றார், வாழ்த்துச் சொல்வதுபோல.

ஜூனில் கல்லூரியிலிருந்து கடிதம்.
வாழ்த்துகள்.
வெளியிலிருந்து உதவி பெற்றிருப்பதால்
எங்கள் மானியத்தில் ஆயிரத்து இருநூறு
குறைக்கப்படுகிறது.

இரண்டு தரம் படித்தாள்.
பிறகு காகிதத்தைத் திருப்பி
பின்பக்கத்திலும் பார்த்தாள்.

போனில் இருபத்தாறு நிமிடம் பியானோ கேட்டது.
எந்திரத்துக்குள் யாருடைய போர்வையோ
விழுந்து விழுந்து எழுந்தது.
வந்த குரல் தன் பெயர் வெர்லா என்றது, களைத்திருந்தது.
விதி எண் சொன்னது, பத்தி எண் சொன்னது.
ஒடெட் வைக்கவில்லை. பேசவுமில்லை.
மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது.
குரல் தாழ்ந்தது:
"கேட்காதவர்களுக்கு இப்படித்தான் போகும்."
"கேட்டால்?"
"மானியத்தைத் தொடாமல் லோனில் கழிப்போம்.
எழுதிக் கேட்க வேண்டும்."
"எத்தனை சொற்களில்?"

மறுமுனை சிரித்துவிட்டது.
"ஒரு வரி போதும், பெண்ணே."

அந்த ஒரு வரியில் இன்னல் இல்லை, இடுப்பு இல்லை.
வணக்கமும் இல்லை என்பது
அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போதும் மூவாயிரத்து நூற்று நாற்பது குறைகிறது.
யானைப் பசி.
போர்வைக்காரர் வந்து மடித்து எடுத்துப் போனார்.
அடுத்த துணியைப் போட்டுக் காசைத் தள்ளிவிட்டு
பட்டியலில் விட்ட இடத்துக்கு வந்தாள்:

சீர் என்னும் குடும்பப் பெயர் உடையவர்களுக்கு மட்டும்.
முந்நூறு டாலர்.
பிறப்புச் சான்றிதழ் இணைக்கவும்.
கட்டுரை தேவையில்லை.